பேய் வீடியோ போடுறவங்களுக்கு, கோத் கூட்டத்துக் கறுப்புச் சட்டைக்காரங்க பக்கத்துலேருந்து ஒரு திறந்த மடல்

ராத்திரி பன்னெண்டு மணிக்கு கேமராவ தூக்கிட்டு பாழடைஞ்ச பங்களாக்குள்ள போற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மொதல்லயே சொல்லிடறேன், சண்டை போட வரல. லைட்ட அணைச்சுட்டு ஹெட்ஃபோன் மாட்டி உங்க வீடியோவ முழுசா உக்காந்து பாக்குற ஆளுதான் நான். கறுப்பு டிரஸ், கறுப்பு நெயில் பாலிஷ், மண்டையோட்டு மோதிரம், பழைய கல்லறைத் தோட்டத்து போட்டோ, வவ்வால், மெழுகுவர்த்தி, சோகப் பாட்டு, இதெல்லாம் புடிச்சுப்போய் ஒண்ணு சேந்த கோத் கூட்டத்துல ஒருத்தர். வெளியிலேருந்து பாக்குறவங்களுக்கு நாங்களும் நீங்களும் ஒரே கட்சி, "பேய் புடிச்ச கூட்டம்", அவ்வளவுதான். நீங்க ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ள சுவரேறிக் குதிச்சு எதையாவது ஒடச்சுட்டு போயிட்டா அடுத்த நாள் "உங்க ஆளுங்க வேலைதானே இது"ங்கற கேள்வி எங்ககிட்டதான் வருது. அதனால உங்களுக்கு ஒரு மடல் எழுத எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

கேக்க வந்தது ஒண்ணுதான். பேய்க் கதை சொல்லுங்க, வயித்த கலக்குற மாதிரி சொல்லுங்க, ஆனா கதைக்கு "ஆதாரம்"னு பேர் வெச்சு விக்காதீங்க, அதுலயும் வீட்ல ஒருத்தர பறிகொடுத்துட்டு நிக்கிறவங்ககிட்ட விக்கவே விக்காதீங்க.

எங்க கூட்டத்தப் பத்தி ஒரு விஷயம் தெளிவு பண்ணிடறேன். கோத்னா பேய நம்பணும்னு எந்த விதியும் இல்ல. எங்கள்ல சாமி கும்புடுறவங்க இருக்காங்க, நாத்திகர் இருக்காங்க, டாரட் கார்டு இல்லாம வெளிய கெளம்பாதவங்க இருக்காங்க, டாரட் படத்த ரசிச்சுட்டு பலன்ங்கற பேச்ச எடுத்தா எழுந்து போயிடுறவங்களும் இருக்காங்க. இது ஆரம்பிச்சதே பாட்டுலதான். 1979ல பௌஹாஸ்னு ஒரு பிரிட்டிஷ் பேண்டு, டிராகுலா வேஷத்துல நடிச்ச பெலா லுகோசி பேர வெச்சு ஒம்போது நிமிஷத்துக்கு மேல ஓடுற ஒரு பாட்டு போட்டாங்க (அந்த மனுஷன் 1956ல செத்தப்போ டிராகுலா அங்கியோடயே புதைச்சாங்க, இந்த மாதிரி தகவல்லாம் எங்க ஆளுங்களுக்கு அத்துப்படி). 1982ல லண்டன் சோஹோவுல பேட்கேவ்னு ஒரு கிளப், 1992லேருந்து ஜெர்மனில லைப்சிக் நகரத்துல ஒரு பெரிய திருவிழா, 1994லேருந்து இங்கிலாந்துல விட்பி ஊர்ல ஒண்ணு. இந்த வரலாறு முழுக்க தேடினாலும் "பேய் இருக்குன்னு சத்தியம் பண்ணினாதான் உள்ள விடுவோம்"னு எங்கயும் வராது. சாவு, துக்கம், பயம், இதையெல்லாம் மத்தவங்க கம்பளத்துக்கு அடியில தள்ளுறப்போ நாங்க எடுத்து மேசை மேல வெச்சு அழகு பாக்குறோம், அதுக்கு பேய் நெஜமா வந்து நிக்கணும்னு அவசியமே இல்ல.

அந்த விட்பில இருக்க செயின்ட் மேரி சர்ச்ல டிராகுலா கல்லறை எங்கன்னு கேக்காதீங்க, அப்படி ஒண்ணு இல்லன்னு போர்டே வெச்சாங்க. பிராம் ஸ்டோக்கர் 1890ல அங்க போய் தங்கினாரு, 1897ல அவரோட டிராகுலா நாவல் வந்துச்சு, கற்பனைல பொறந்த ஒருத்தனோட கல்லறைய தேடி ஜனம் இன்னிக்கும் போகுது. எனக்கு அது சிரிப்பாவும் இருக்கும், பெருமையாவும் இருக்கும். ஒரு கதைக்கு அவ்வளவு பலம். ஆனா சர்ச்ல இருக்கவங்க காசுக்கு ஆசப்பட்டு ஒரு கல்ல நட்டு "இதுதான் டிராகுலா"ன்னு டிக்கெட் போட்டிருந்தா? நீங்க பண்றது ஏறக்குறைய அதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஏமாத்து வேலை எங்க வம்சத்துலயும் இருக்கு. 1764 கடைசில ஹொரேஸ் வால்போல் எழுதின நாவலதான் முதல் கோதிக் நாவல்னு, அதாவது பாழடைஞ்ச கோட்டை, பேய், பயம்னு ஓடுற கதைன்னு சொல்லுவாங்க. மொத பதிப்புல அவர் தன் பேரே போடல. வட இங்கிலாந்துல ஒரு பழைய கத்தோலிக்க குடும்பத்து நூலகத்துல கிடைச்சது, 1529ல நேப்பிள்ஸ்ல அச்சானது, நான் வெறும் மொழிபெயர்ப்புதான் பண்ணேன்னு ஒரு கதை கட்டினாரு. பாழடைஞ்ச வீட்ல ஒரு டேப் கிடைச்சுதுன்னு நீங்க ஆரம்பிக்கிறீங்களே, அந்த டெக்னிக்குக்கு 260 வயசு ஆகுது. ஆனா அடுத்த வருஷமே, 1765 ரெண்டாம் பதிப்புல, நான்தான் எழுதினேன்னு முன்னுரைல ஒத்துக்கிட்டு அட்டைல கோதிக் கதைன்னே போட்டுட்டாரு. அதுக்கப்புறம் 1790கள்ல ஆன் ராட்கிளிஃப் வந்தாங்க, பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்திட்டு கடைசில அந்த சத்தம் எங்கேருந்து வந்துச்சு, திரைக்குப் பின்னாடி இருந்தது என்னன்னு அவிழ்த்துக் காட்டிடுவாங்க. அவங்க புத்தகம் வித்து தீந்துச்சு, ஒருத்தரும் காச திருப்பிக் கேக்கல. கதைன்னு ஒத்துக்கிட்டா ஆடியன்ஸ் ஓடிடுவாங்கன்னு நீங்க பயப்படுறதுக்கு அர்த்தமே இல்லன்னு இதுக்குதான் சொல்றேன்.

சரி, உங்க மெஷினுக்கு வருவோம், இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது.

கே2 மீட்டர். அஞ்சு குட்டி எல்இடி, பச்சைலேருந்து செவப்பு வரைக்கும். மின்காந்தப் புலம் இருந்தா எரியும், அதுக்குதான் செஞ்சிருக்காங்க, வேற எதுக்கும் இல்ல. மேசைல அதை வெச்சுட்டு பக்கத்துல சைலன்ட்ல போட்ட போன வெச்சுப் பாருங்க. சும்மா கெடக்கும், கெடக்கும், திடீர்னு போன் டவரத் தேடும், இல்ல ஒரு மெசேஜ் வந்து விழும், மீட்டர் டக்குனு செவப்புக்குத் தாவிட்டு திரும்பி பச்சைக்கு வந்துடும். வாக்கி டாக்கி அமுக்கினா எரியும், சுவத்துக்குள்ள ஓடுற வயர் பக்கம் கொண்டு போனா எரியும், உங்க வயர்லெஸ் மைக்கே எரிய வைக்கும். உங்க டீம்ல ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் ஒரு போன், இடுப்புல ஒரு மைக் பேக், கைல வைஃபை கேமரா, இவ்வளவையும் சுமந்துக்கிட்டு போய் நின்னு "நீ இங்க இருந்தா லைட்ட எரிய வை"ன்னு கேட்டா எரியாம என்ன பண்ணும்?

ஸ்பிரிட் பாக்ஸ் அதைவிட மோசம். அது ஒரு ரேடியோ, அவ்வளவுதான், எந்த ஸ்டேஷன்லயும் நிக்காம ஒரு நொடிக்குள்ள பல ஸ்டேஷன தாண்டி ஓடிக்கிட்டே இருக்க மாதிரி செட் பண்ணிருக்காங்க. ஒரு இடத்துல செய்தி வாசிக்கிறவரோட பாதி வார்த்தை, இன்னொரு இடத்துல பாட்டுல ஒரு இழுப்பு, நடுவுல கரகரன்னு இரைச்சல். அதுல நீங்க "உன் பேரு என்ன"ன்னு கேக்குறீங்க, ஏதோ "...ரா..."ன்னு வருது, உடனே கீழ பெரிய எழுத்துல ஒரு பேரு சப்டைட்டிலா வந்துடுது. நான் என்ன பண்ணுவேன்னா, ஸ்க்ரீனுக்கு அடில ஒரு அட்டைய வெச்சு சப்டைட்டில மறைச்சுடுவேன். கூட இருக்கவங்களையும் பாக்க விடாம, கேட்டத மட்டும் ஆளுக்கொரு பேப்பர்ல எழுதச் சொல்லுவேன். ஒருத்தருக்கு ஊர் பேரு கேக்கும், ஒருத்தருக்கு திட்டு கேக்கும், ஒருத்தர் பேப்பர் காலியா இருக்கும். அட்டைய எடுத்துட்டு திரும்ப போட்டா மொத்த கூட்டத்துக்கும் அந்த சப்டைட்டில்ல இருக்கது "தெளிவா" கேக்கும். அப்புறம் மறந்தாலும் வேற மாதிரி கேக்காது. அந்த மாத்தம் நம்ம காதுக்கும் மூளைக்கும் நடுவுல நடக்குது, பெட்டிக்கும் ஆவிக்கும் அதுல வேலையே இல்ல. 1959ல ஸ்வீடன்ல ஃப்ரீட்ரிக் யூர்கென்சன் பறவை சத்தம் பதிவு பண்ணப் போய் டேப்ல மனுஷக் குரல் கேட்டுச்சுன்னு சொன்னதுலேருந்து ஆரம்பிச்ச கதை இது, அவருக்கப்புறம் ரௌடிவ்னு ஒருத்தர் வந்து ஆயிரக்கணக்கா பதிவு பண்ணினாரு. மெஷின் மாறிருக்கு, கேக்குற காது அதே காதுதான்.

குச்சி குச்சியா ஆள் உருவம் காட்டுற அந்த கேமரா? மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக விட்ட கினெக்ட்தான் அது, புது டப்பால போட்டு விக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் புள்ளிய அறை முழுக்க தூவி, எங்கயாவது தலை, தோள், கை மாதிரி ஒரு அமைப்பு இருக்கான்னு தேடுறதுதான் அதோட வேலை. வீட்ல நிக்கிற ஆள எப்படியாவது கண்டுபுடிச்சு கேம்ல சேக்கணும்னு அத அப்படி பழக்கியிருக்காங்க. நாற்காலி மேல ஒரு துணி கெடந்தாலும் அது ஆளாக்கிடும். இருட்டு அறைல ஆடுற எலும்புக்கூடு மாதிரி தெரிஞ்சா எனக்கும் ஒரு செகண்ட் முதுகு சில்லுனுதான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன், ஆனா அது நாற்காலிதான்.

போட்டோல ஆவின்னு காட்டுற வெள்ளை வட்டம், அந்த ஆர்ப் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், ஃப்ளாஷ் லென்ஸுக்கு பக்கத்துலயே இருக்கதால முன்னாடி பறக்குற தூசி ஃபோகஸ் இல்லாம வட்டமா வெள்ளையா தெரியுது. துப்பாக்கி மாதிரி நீட்டுற தெர்மாமீட்டர் காத்தோட சூட்ட அளக்காது, எதிர்ல எந்த சுவர் இருக்கோ அதோட மேற்பரப்ப அளக்கும், ஜன்னல் பக்கம் திருப்பினா கொறையத்தான் செய்யும், அதுக்கு எதுக்கு அப்படி ஒரு அலறல்.

ஊஜா போர்டு, அதான் எழுத்து மேல கைய நகத்தி ஆவிகிட்ட பதில் கேக்குற பலகை, எங்க ஆளுங்க வீட்லயும் சுவத்துல தொங்குது, டிசைன் அப்படி, நானும் ரசிப்பேன். 1891ல அமெரிக்கால பேட்டன்ட் வாங்கின விளையாட்டுப் பொருள் அது. ஆனா அதுக்கு 38 வருஷம் முன்னாடி, 1853லயே, மைக்கேல் ஃபாரடே, அதாங்க மின்சார ஆராய்ச்சி ஃபாரடேயேதான், மேசை தானா நகருதுன்னு ஊரே பேசினப்போ ஒரு வேலை பண்ணினாரு. கைக்கும் மேசைக்கும் நடுவுல அட்டைகள மெல்லிசா ஒட்டி அடுக்கி வெச்சாரு. மேசை கைய இழுக்குதுன்னா கீழ் அட்டை முதல்ல நகரணும், கை மேசைய தள்ளுதுன்னா மேல் அட்டை முதல்ல நகரணும். மேல் அட்டைதான் நகந்துச்சு. தள்ளுறவங்க யாரும் பொய் சொல்லல, தாங்க தள்ளுறது அவங்களுக்கே தெரியல. அப்புறம் கை நகருதான்னு காட்டுற ஒரு முள்ள அவங்க கண்ணுல படுற மாதிரி வெச்சதும் மேசை நகர்றதே நின்னுபோச்சு. போர்டுல கைய வெச்சிருக்கவங்க கண்ண கட்டிட்டு போர்ட தலைகீழா திருப்பி வெச்சுப் பாருங்க, ஆவி எழுத்துக்கூட்ட மறந்துடும்.

இவ்வளவும் சொன்னதால ராத்திரில ஏதோ பாத்தேன்னு சொல்றவங்கள நான் கிண்டல் பண்றேன்னு எடுத்துக்காதீங்க. பாத்திருப்பாங்க, கேட்டிருப்பாங்க, உடம்பு வேர்த்திருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அமுக்குவான் பேய்னு சொல்றோமே, முழிப்பு வந்துடும், கண்ணு தெறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருப்பாங்க, அறை மூலைல ஒரு உருவம். கனவு காண்ற நேரத்துல உடம்ப மூளை கட்டிப் போட்டு வெச்சிருக்கும், கட்டு அவுக்குறதுக்குள்ள முழிப்பு வந்துட்டா இப்படி ஆகும். ஃப்யூஸ்லி 1781ல வரைஞ்ச ஓவியத்துல தூங்குற பொண்ணு நெஞ்சு மேல ஒரு குட்டிச்சாத்தான் உக்காந்திருக்கே, எங்க ஆளுங்கள்ல பாதி பேர் போன்ல வால்பேப்பரே அதுதான், அதுவும் இதே அனுபவந்தான்னு தோணும். விக் டாண்டின்னு ஒரு பொறியாளர் ஆய்வுக்கூடத்துல தனியா இருக்கப்போ கண்ணு ஓரத்துல சாம்பல் நெற உருவம் பாத்திருக்காரு. மறுநாள் வாள்சண்டை போட்டிக்கு அவரோட வாள ரெடி பண்ண இடுக்கில மாட்டினா அது தானா நடுங்குது. தேடிப் பாத்தா புதுசா மாட்டின காத்தாடிலேருந்து 19 ஹெர்ட்ஸ் பக்கத்துல, காதுக்கு எட்டாத ஒரு அதிர்வு. 1998ல இதை கட்டுரையா எழுதினாரு. பின்னாடி லண்டன்ல ஒரு குழு அறையே கட்டி, இந்த அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் விட்டு விட்டு பாத்தப்போ, ஆளுங்களுக்கு வந்த அனுபவத்துக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, "இங்க ஏதாவது வித்தியாசமா தோணலாம்"னு முன்கூட்டியே சொல்லி வெச்சதுதான் வேலை செஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்னு ஆச்சு. நீங்க வாசல்ல நின்னு கேமராவ பாத்து "இந்த வீட்ல மூணு பேர் தூக்கு போட்டு செத்தாங்க"ன்னு ஆரம்பிக்கிறீங்களே, உங்ககிட்ட இருக்கதுலயே பவர்ஃபுல்லான கருவி அதுதான்.

இதுல ஒண்ணு உயிர் விஷயம், கொஞ்சம் கவனமா படிங்க. "எங்க வீட்ல ஏதோ இருக்கு, வந்து பாருங்க"ன்னு உங்களுக்கு ஜனங்க எழுதுறாங்க. 1921ல வில்மர்னு ஒரு கண் டாக்டர் ஒரு குடும்பத்தப் பத்தி எழுதினாரு. பழைய வீட்டுக்கு குடி வந்ததுலேருந்து எல்லாருக்கும் தலைவலி, அசதி, பசங்க முகம் வெளுத்துப்போச்சு, செடி வாடுது, ராத்திரில காலடி சத்தம், படுக்கை பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி தெரியுது. கடைசில பாத்தா வீட்ட சூடாக்குற உலை ரிப்பேர், கார்பன் மோனாக்சைடு வீடு முழுக்க பரவிக்கிட்டிருந்துச்சு. சரி பண்ணதும் பேயும் போச்சு, தலைவலியும் போச்சு. அந்த வாயுவுக்கு மணம் கெடையாது, நெறம் கெடையாது, ஆளக் கொன்னுடும். தலைவலி, வாந்தி, வெளிய போனா சரியாகுது, வீட்டுக்கு வந்தா திரும்ப வருதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, நீங்க மெழுகுவர்த்தியும் உப்பும் எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி அவங்கள வீட்ட விட்டு வெளிய வரச் சொல்லுங்க, கேஸ் அடுப்பு, ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாத்தையும் தெரிஞ்ச ஆள வெச்சு பாக்கச் சொல்லுங்க, ஒரு அலாரம் வாங்கி மாட்டச் சொல்லுங்க. வீடியோக்கு கன்டென்ட் போச்சேன்னு இருந்தா பரவால்ல.

அடுத்து துக்கத்துல இருக்கவங்க. அதுதான் இந்த மடலுக்கே காரணம். "அம்மா உங்ககிட்ட பேச விரும்புறாங்க"ன்னு ஒரு பொண்ணு முன்னாடி அந்த ரேடியோ பெட்டிய வெச்சு, அந்தப் பொண்ணு ஏங்கி ஏங்கி அழ அழ க்ளோஸப் போடுற வீடியோவ நான் பாத்திருக்கேன். யாருன்னு பேர் சொல்ல மாட்டேன், நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல விளம்பரம் வேற ஓடுச்சு.

இதுவும் புதுசு இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல வில்லியம் மம்லர்னு ஒரு போட்டோகிராஃபர், புள்ளைய போர்ல தொலைச்சவங்கள உக்கார வெச்சு போட்டோ எடுத்து, பின்னாடி மங்கலா ஒரு உருவத்தோட குடுத்தாரு. அந்த "ஆவி" சிலது பாஸ்டன்ல உயிரோட நடமாடுற ஆளுங்க மொகம்னு தெரியவந்துச்சு. 1869ல நியூயார்க்ல கேஸ் நடந்து, ஆதாரம் பத்தலன்னு வெளிய வந்துட்டாரு. லிங்கன் மனைவி அவர்கிட்ட போய் எடுத்துக்கிட்ட போட்டோ இன்னிக்கும் இருக்கு, தோள்ல லிங்கன் கை வெச்ச மாதிரி. புருஷன சுட்டுக் கொன்னுட்டாங்க, புள்ளைங்களையும் வரிசையா பறிகொடுத்துட்டாங்க, அந்தம்மா முகத்த அந்த போட்டோல பாத்தா எனக்கு மம்லர் மேலதான் கோபம் வருது, அவங்க மேல இல்ல.

மேஜிக் வித்தைக்காரர் ஹூடினி தன் அம்மா மேல உயிரையே வெச்சிருந்தாரு, 1913ல அவங்க போயிட்டாங்க. 1922ல ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதின கோனன் டாயிலோட மனைவி ஆவி எழுத்து எழுதி அம்மா செய்தி அனுப்பிருக்காங்கன்னு பக்கம் பக்கமா குடுத்தாங்க. எல்லாம் இங்கிலீஷ்ல, உச்சில ஒரு சிலுவைக் குறி. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவங்க ஒரு யூத மதகுருவோட மனைவி. அப்புறம் ஹூடினி சாகுற வரைக்கும், ஆவியோட பேசுறோம்னு சொல்ற மீடியம்கள அம்பலப்படுத்துறதயே ஒரு வேலையா வெச்சிருந்தாரு. 1926 அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னிக்கு அவரும் போயிட்டாரு, தேதிய நாங்க விட்டுடுவோமா, வருஷா வருஷம் பேசுவோம். அவரோட மனைவி பத்து வருஷம் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் உக்காந்து பாத்தாங்க, ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசிய வார்த்தை வருதான்னு. 1936ல போதும்னு நிறுத்திட்டாங்க.

இந்த ஆவி பேசுற பேஷன தொடங்கி வெச்ச ஃபாக்ஸ் சகோதரிகள் கதையும் உங்களுக்கு தெரியும். 1848ல தட்டல் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது, 1888ல அவங்கள்ல ஒருத்தரான மேகி மேடை ஏறி கால் விரல் மூட்ட சொடுக்கித்தான் சத்தம் வரவெச்சோம்னு செஞ்சே காட்டிட்டாங்க. அடுத்த வருஷம் சொன்னத வாபஸ் வாங்கினாங்க, கைல காசில்ல. நாப்பது வருஷத்துல அந்தத் தட்டல் சத்தத்துக்கு முன்னாடி எத்தனை பேர் உக்காந்து அழுதிருப்பாங்க, யோசிங்க.

"நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம்"னு கேப்பீங்க. எங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒரு ரத்தக்காட்டேரி கதை இருக்கு, மெர்சி பிரவுன். அமெரிக்கால ரோட் ஐலண்ட், எக்ஸெட்டர்னு ஊரு. ஒரே வீட்ல அம்மா, அக்கா, அப்புறம் 1892 ஜனவரில 19 வயசு மெர்சி, எல்லாரும் காசநோய்ல போயிட்டாங்க, அண்ணன் எட்வின் படுக்கைல. குடும்பத்துல யாரோ காட்டேரியாகி அவன் உயிர உறிஞ்சுறாங்கன்னு ஊர்க்காரங்க அப்பாவ நச்சரிச்சு மார்ச் 17 அன்னிக்கு பொணத்த தோண்டினாங்க. அம்மாவும் அக்காவும் எலும்பு. மெர்சி செத்து ரெண்டே மாசம், கடுங்குளிர், ஒடம்பு கெடாம இருந்துச்சு, இதயத்துல ரத்தம் இருந்துச்சு. இதயத்த பாறை மேல வெச்சு எரிச்சு, சாம்பல தண்ணில கலந்து அண்ணனுக்கு குடிக்கக் குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல அவனும் செத்துட்டான். காசநோய்க் கிருமிய ராபர்ட் கோக்னு ஒரு டாக்டர் கண்டுபுடிச்சு அப்ப பத்து வருஷம் ஆயிடுச்சு. அவ கல்லறைல பூ வைக்கிற கோத் ஆளுங்க நெறைய, நாங்க அவள காட்டேரியா நெனைச்சு வைக்கல, அந்த அநியாயத்த நெனைச்சு வைக்கிறோம்.

நம்பிக்கைக்கு பலி எப்பவோ நடந்துச்சுன்னும் இல்ல. 1993ல அமெரிக்காவுல வெஸ்ட் மெம்ஃபிஸ்ங்கற ஊர்ல மூணு சின்னப் பசங்க கொல்லப்பட்டாங்க, மூணு டீனேஜ் பசங்கள புடிச்சாங்க. கறுப்பு டிரஸ் போடுவான், ஹெவி மெட்டல் கேப்பான், மாந்திரீகப் புத்தகம் படிப்பான்னு கோர்ட்ல பேசி, சாத்தான் வழிபாட்டு "நிபுணர்"னு ஒருத்தர கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சாங்க. ஒருத்தனுக்கு மரண தண்டனை, ரெண்டு பேருக்கு ஆயுள். 2011ல வெளிய விட்டாங்க, 18 வருஷம் உள்ள. இருட்டு சக்தி நெஜம்னு நம்புற ஒரு ஊர்ல முதல்ல சந்தேகப்படுறது யாரன்னு பாத்தீங்களா? இங்கிலாந்துல சோஃபி லங்காஸ்டர், 20 வயசு, 2007ல ஒரு பார்க்ல காதலனோட போனப்போ கோத் மாதிரி டிரஸ் போட்டிருந்ததுக்காகவே மிதிச்சே கொன்னாங்க. அதுக்கு அப்புறம் போராடி, 2013ல மான்செஸ்டர் போலீஸ் எங்கள மாதிரி ஆளுங்க மேல நடக்குற தாக்குதல வெறுப்புக் குற்றமா பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. நீங்க எங்க டிரஸ்ஸ போட்டுக்கிட்டு "சாத்தான் சடங்கு நடந்த வீடு"ன்னு தம்ப்நெய்ல் போடுறப்போ, ஷூட்டிங் முடிஞ்சு கழட்டிடுவீங்க. நாங்க அந்த டிரஸ்ஸோடதான் பஸ்ல ஏறணும்.

எங்க கூட்டத்தயும் சும்மா விடல. "ஆவி புகுந்த பொம்மை"ன்னு விக்கிறவங்க எங்க பக்கமும் இருக்காங்க, அவங்களுக்கும் இதே மடல்தான். பொம்ம அழகா இருந்தா அழகுக்கு காசு வாங்குங்கப்பா.

இனி என்ன பண்ணணும்னா, வீடியோ ஆரம்பத்துலயே இது கதை, பொழுதுபோக்குன்னு கொட்டை எழுத்துல போடுங்க, கடைசில கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல போடாதீங்க. சப்டைட்டில் இல்லாம ஒரு தடவ ஒலிய ஓடவிட்டுட்டு அப்புறம் உங்க யூகத்த சொல்லுங்க. வெட்டாத ஃபுட்டேஜ கேக்குறவங்களுக்கு குடுங்க. உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்காம எங்கயும் நுழையாதீங்க, 1970 மார்ச் 13 ராத்திரி டிவில காட்டேரி செய்தி பாத்துட்டு லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்து மதில ஏறிக் குதிச்ச கூட்டத்தால அந்த இடத்துக்கு வந்த கெட்ட பேரு இன்னும் போகல. சமீபத்துல செத்தவங்க பேர, சொந்தக்காரங்க உயிரோட இருக்கப்போ எடுக்கவே எடுக்காதீங்க. துக்கத்துல இருக்கவங்ககிட்ட காசு வாங்காதீங்க, ஓசிலயும் பண்ணாதீங்க, அவங்கள பேசவிட்டு கேளுங்க, கேமராவ ஆஃப் பண்ணிட்டு.

இல்ல, எங்ககிட்ட இருக்கது நெஜமான ஆதாரந்தான்னு சொல்றீங்களா, சந்தோஷம். அமானுஷ்ய சக்திய நிரூபிச்சுக் காட்டுறவங்களுக்குன்னு ஜேம்ஸ் ராண்டிங்கற மேஜிக்காரர் 1964ல ஆயிரம் டாலர்ல ஆரம்பிச்சு பத்து லட்சம் டாலர் வரைக்கும் ஏத்தின பரிசு 2015ல முடிஞ்சுது, முதல் கட்டத்தயே யாரும் தாண்டல. எங்ககிட்ட அவ்வளவு காசு இல்ல, ஆனா நான் சொல்ற முறைல ஒரு ராத்திரி வாங்க. எல்லார் போனும் ஆஃப் பண்ணி வெளில ஒரு பெட்டில. உங்க மீட்டருக்கு பக்கத்துல ஒண்ணு, பேய் இல்லன்னு நீங்களே ஒத்துக்குற அறைல அதே மாதிரி இன்னொண்ணு, ரெண்டும் விடிய விடிய பதிவாகணும். எந்த அறைல சாவு நடந்துச்சுன்னு தெரியாத ரெண்டு பேர் தனித்தனியா போய் தோணினத எழுதி கவர்ல போட்டு ஒட்டணும். காலைல எல்லார் முன்னாடியும் கவர பிரிச்சு, மீட்டர் பதிவையும் பக்கத்துல வெச்சு பாப்போம். வந்தது என்னவோ அதை வெட்டாம நீங்களே உங்க சேனல்ல போடுங்க, எங்களுக்கு எதிரா வந்தாலும் சரி. வீட்ட நீங்க தேர்ந்தெடுங்க, மெழுகுவர்த்தியும் கவரும் நாங்க கொண்டு வர்றோம், தேதி மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு உங்க வீடியோவ இன்னும் பாத்துக்கிட்டிருக்கும் ஒருத்தர்